கேட்டுப் பெற்ற இடம்

அத்தியாயம் பதினான்கு

கமோரிக்கி தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, பெற்ற மகளிடம் ஒருமுறை கேட்டதைத் தவிர.

அந்த ஒருமுறையும் ஊரறியத்தான் கேட்டார். போன மாதம் ஊர் மண்டபமான மனேயாபாவில் எல்லாரும் அவரவர் குடும்பத்துக்குரிய இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, கிழக்குத் தூணருகே எழுந்து நின்று, "மரேட்டா, உன் பயணத்த எனக்குக் குடு" என்றார்.

உறவுக்காரர் வாய்திறந்து கேட்டுவிட்டால் இந்தத் தீவுகளில் இல்லை என்று சொல்ல வழியில்லை. படகைக் கேட்டாலும் அப்படித்தான், பன்றியைக் கேட்டாலும் அப்படித்தான். மறுத்தவர் அதன்பிறகு அந்தக் கூரைக்குக் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது. மரேட்டா பாயைப் பார்த்தபடி, "எடுத்துக்கோங்க அப்பா" என்றாள். வெளிநாட்டுத் தோட்ட வேலைக்கு ஊருக்கு ஒரு பெயர் என்று வந்த இடம் அவள் கையை விட்டுப் போனது. ஊர்ச் சபை எழுத்தர் அவள் பெயரை அடித்துவிட்டு, கமோரிக்கியின் மச்சான் பவுரோவுடைய மருமகள் தெபோராவின் பெயரை எழுதிக்கொண்டார்.

கமோரிக்கி காரணமில்லாமல் கேட்கவில்லை. புதிய அரசு வந்திருந்தது. வந்தால் கொப்பரை விலையை இரட்டிப்பாக்குவோம் என்று சொல்லி வந்த அரசு. அதன் வேட்பாளர் மூன்று நாள் தங்கிச் சாப்பிட்டது கமோரிக்கியின் வீட்டில். அவருக்காக மண்டபத்தில் எழுந்து பேசியவரும் கமோரிக்கிதான். விலை இரட்டித்தால் குடும்பத்துத் தென்னைகளே போதும், தன் வீட்டுப் பெண் யாரோ ஒருவன் தோட்டத்தில் குனிந்து தக்காளி பறிக்க வேண்டாம் என்று அவர் நம்பினார்.

இன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு நிதியமைச்சர் வானொலியில் பட்ஜெட் வாசிக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு வரும் சின்ன விமானம் தெபோராவைத் தலைநகருக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. நாளை அங்கே நேர்காணல்.

மரேட்டா கிணற்றடியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். போன வருஷப் பெரிய ஓதத்தில் கடல் கரையேறி வந்து அந்தக் கிணற்றில் இறங்கியது. அது முதல் தண்ணீரில் உப்பு. காய்ச்சினாலும் உப்பு. அவளுடைய நாலு வயது மகள் ருத்தாவுக்கு மாதத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. தாழை ஓலைக் கூரையில் மழைநீர் பிடிக்க முடியாது. தகரக் கூரை வேண்டும், தண்ணீர்த் தொட்டி வேண்டும். புருஷன் சூரைமீனுக்குப் போய்த் திரும்பாமல் இரண்டு வருஷமாகிறது. அந்தக் கூரைக்காகத்தான் அவள் வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அடுத்த வருஷம் அவளுக்கு முப்பத்தாறு. முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை.

"இந்தச் சட்டையோடவா போறீங்க?" என்றாள் அப்பாவைப் பார்த்து. "வெள்ளச் சட்டை துவைச்சு வச்சிருக்கேன்."

"அது ஞாயித்துக்கிழமைக்கு."

"இன்னிக்கு ஊரே உங்களத்தான் பாக்கும்."

கமோரிக்கி உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ருத்தா பாயில் சுருண்டு கிடந்தாள்.

"மறுபடியுமா?"

"விடியறதுக்குள்ள மூணு தடவை."

"இன்னியோட சரி. விலை ஏறட்டும். முதல்ல கூரை, அப்புறம் தொட்டி."

"சரிப்பா" என்றாள் மரேட்டா. அந்தச் சரியில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமையும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மனேயாபாவில் ஒன்பது மணிக்கே ஆள் நிறைந்துவிட்டது. வானொலிப் பெட்டியை நடுத் தூணில் கட்டியிருந்தார்கள். ஆண்கள் புகையிலை சுருட்டினார்கள். பெண்கள் பதநீர்க் குவளையைக் கைமாற்றினார்கள்.

"எனக்கு நாப்பது குதிரை எஞ்சின்" என்றான் மீன்பிடிக்கும் யோவானே. "பொண்டாட்டிக்குத் தையல் மிஷின். மாமியாருக்கு ஒண்ணும் கிடையாது."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா" என்றாள் மாமியார் இரண்டு பாய் தள்ளியிருந்து. "அந்த எஞ்சின்ல ஏறி நீ தூரமாப் போனா அதுவே போதும்."

"நம்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வர்றாராம்."

"வருவாரு. உன் காலப் பாத்துட்டு அதே ப்ளேன்ல திரும்பிடுவாரு."

சிரிப்பு கூரை வரை போனது. யாரும் இவ்வளவு லேசாகச் சிரித்து வெகுநாளாகிறது. ஒவ்வொரு வீட்டிலும் கொப்பரை மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. போன மாதம் சரக்குக் கப்பல் வந்தபோது இந்த ஊரிலிருந்து ஒரு மூட்டைகூட ஏறவில்லை. பட்ஜெட் வரைக்கும் பொறுங்கள் என்று கமோரிக்கி சொல்லியிருந்தார். பொறுத்தார்கள். அடிமூட்டைகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்த பிறகும் பொறுத்தார்கள்.

கமோரிக்கி தன் தூணருகே முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் பவுரோ, தன் குடும்பத்து இடத்தில். கமோரிக்கியின் மனைவி, பவுரோவின் அக்கா, உயிரோடு இருந்தவரைக்கும் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தட்டுகள் போய்வந்துகொண்டிருந்தன. மூன்று வருஷத்துக்கு முன் அவள் போன பிறகு அது நின்றுவிட்டது. சண்டை என்று ஒன்றுமில்லை. இரண்டு பேருமே முதலில் எழுந்து போகிற ஆள் இல்லை.

பத்து மணிக்கு அமைச்சர் ஆரம்பித்தார். ஆண்டவருக்கு நன்றி, வாக்காளர்களுக்கு நன்றி. துறைமுகம், கடல் தடுப்புச் சுவர், ஆசிரியர் சம்பளம், வேறொரு தீவின் விமானத்தளம். ஒவ்வொன்றுக்கும் மண்டபம் தலையாட்டியது. வெளியே வெயில் ஏறியது. கொப்பரை என்ற சொல் வந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. யோவானே எழுந்து போய்ப் பெட்டியின் ஒலியைக் கூட்டினான்.

கொப்பரை விலை குறித்த வாக்குறுதியில் அரசு உறுதியாக இருக்கிறது என்றார் அமைச்சர். இதற்கென ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்படும். உலகச் சந்தை இடம் கொடுத்தால், மூன்றாம் ஆண்டிலிருந்து விலை படிப்படியாக உயர்த்தப்படும். அவ்வளவுதான். அமைச்சர் மீன்பிடி உரிமங்களுக்குப் போய்விட்டார்.



"மூணாம் வருஷம்னா இதுலேருந்து மூணா, அடுத்ததுலேருந்து மூணா?" என்று யோவானே கேட்டான். அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

கமோரிக்கி காத்திருந்தார். நீர் சொல்லித்தானே மூட்டையை வைத்திருந்தோம் என்று ஒருவராவது எழுந்து கேட்பார், பதில் சொல்லலாம் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. யோவானேயின் மாமியார் ஓர் இளநீரைச் சீவி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள், நோயாளிக்கு வைப்பதுபோல. அந்த இளநீர் அவரை வெட்டியது. ஊர் திட்டியிருந்தால் அவர் ஊரைச் சேர்ந்தவராக இருந்திருப்பார்.

பவுரோ எழுந்து மண்டபத்தைக் கடந்து வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக.

"வெயில் ஏறுது மச்சான். வீட்டுக்குப் போங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

மரேட்டாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டில் வானொலி ஓடியிருக்கும். கமோரிக்கி வாசலில் நின்றபோது அவள் கறிப்பலாவைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. குழந்தை காய்ச்சிய தண்ணீரை ஒரு வாய் குடித்து முகம் சுளித்துக் குவளையைத் தள்ளிவிட்டது. மரேட்டா அதில் கொஞ்சம் பதநீர்ப் பாகைக் கலக்கி மறுபடி நீட்டினாள். பாகின் இனிப்பில் குழந்தை உப்பைக் குடித்தது. கமோரிக்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ ஏதாவது சொல்லேன்" என்றார்.

"என்ன சொல்ல? விலைய நீங்களா போட்டீங்க?"

அவர் திரும்பி நடந்தார். நட்ட நடுப்பகலில், எல்லா வீட்டிலிருந்தும் தெரியும் ஒரே சாலையில், வெள்ளைச் சட்டையோடு வடக்கே போனார். அந்தப் பக்கம் அவருக்கு வேறு வேலை கிடையாது என்று ஊருக்குத் தெரியும்.

பவுரோவின் வீடு கல்யாண வீடுபோல இருந்தது. அண்டைப் பெண்கள் நாலைந்து பேர் தெபோராவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தாள். தலையில் பூவளையம். பை கட்டி வாசலில் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நேர்காணலுக்கான ஆங்கில வரிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் தவறும்போதெல்லாம் பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தையில்லை. போகிற ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஒருதடவை காட்டிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். அதையும் ஊர் அறியும்.

கமோரிக்கி உள்ளே வந்தார். பவுரோ அவசரமாகப் பாய் விரித்தார். கமோரிக்கி பாயை விலக்கி வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

பெண்களின் சிரிப்பு நின்றது. வெறுந்தரையில் உட்காருகிறவர் கேட்க வந்தவர்.

"பாயில உக்காருங்க மச்சான்" என்றார் பவுரோ. "சேம்பு அவிச்சிருக்கு. தேங்காப்பால் ஊத்திச் சாப்பிடுவோம்."

"பவுரோ..."

"காலையில வலையில பாத்தீங்கன்னா இந்த நீளத்துக்கு ஒரு மீன். அறுத்துக்கிட்டு ஓடிருச்சு. யோவானேகிட்டச் சொன்னா நம்பமாட்டேங்கறான். அவன் பிடிச்சா மட்டும் எல்லாம் இந்த நீளம்." பவுரோ நிறுத்தாமல் பேசினார். சொல் வெளியே வரும்வரைதான் தப்பிக்கலாம். வந்துவிட்டால் பதில் ஒன்றுதான். கூரைக்குப் புது ஓலை வேய்வதைப் பற்றிப் பேசினார், பன்றி குட்டி போட்டதைப் பற்றிப் பேசினார். பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோது அவர் குரல் இறங்கியது.

"மச்சான். இந்த வாசல்ல நீங்க நாப்பது வருஷமா எதுவும் கேட்டதில்ல. எங்க அக்கா செத்தன்னிக்கு ஒரு பாய்கூடக் கேக்கல, எல்லாம் நீங்களே கொண்டாந்தீங்க. அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. ஆனா இன்னிக்கு மட்டும் கேக்காதீங்க. பிள்ளையப் பாருங்க. தலையில பூ வச்சு உக்காந்திருக்கு."

கமோரிக்கி தெபோராவைப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தெபோராவோட இடத்த என் மகளுக்குக் குடு, பவுரோ."

பவுரோ தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"எடுத்துக்கோங்க" என்றார்.

தெபோராவை ஒருவரும் கேட்கவில்லை. அவள் தலையிலிருந்த பூவளையத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் கமோரிக்கியிடம் நீட்டினாள். "மரேட்டாவுக்கு வச்சுவிடுங்க பெரிய மாமா. வாடறதுக்குள்ள" என்றாள். பிறகு பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பெண்கள் எழுந்து போனார்கள்.

சபை எழுத்தர் வேலைக்குப் பெயர் எழுதிய கடிதத்தை மேசைமேல் விரித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மரேட்டாவை அடித்து தெபோரா, தெபோராவை அடித்து மரேட்டா.

"இன்னொருக்க மாத்தினா எழுத எடமில்ல பெரியவரே" என்றார்.

"இனிமே மாறாது."

கடிதத்தையும் பூவளையத்தையும் மரேட்டாவின் முன்னால் வைத்தபோது அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார் கமோரிக்கி. அவள் கடிதத்தில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"யாருகிட்டக் கேட்டீங்க?"

"பவுரோகிட்ட."

"நீங்களா? போய் உக்காந்தா கேட்டீங்க?"

"ஆமா."

"தெபோராவக் கேட்டீங்களா?"

அவர் பூவளையத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்னையும் கேக்கல" என்றாள் மரேட்டா. அவள் குரலை உயர்த்தவில்லை. "போன மாசம் போகாதேன்னீங்க, நின்னேன். இன்னிக்குப் போன்னு கொண்டாந்து வைக்கறீங்க. அவ எத்தன நாளா அந்த வரிகளப் படிச்சா தெரியுமா? கிணத்தடியில நான்தான் அவளுக்குத் திருத்திச் சொன்னேன்."

"போவியா, மாட்டியா?"

மரேட்டா குழந்தையைப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"போறேன்" என்றாள். "பூ வேண்டாம். அத வச்சுக்கிட்டு என்னால அந்த ரோட்டுல போகமுடியாது."

விமானத்தளம் என்பது பவளக்கல்லைச் சமப்படுத்திய ஒரு நீளமும், நிழலுக்கு ஓர் ஓலைக் கொட்டகையும்தான். யோவானே தன் மோட்டார் சைக்கிளில் மூவரையும் கொண்டுவந்து இறக்கினான். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் வண்டி ஓட்டியதை யாரும் பார்த்ததில்லை.

மூட்டை நிறுக்கும் தராசில் மரேட்டாவை ஏற்றி எடை பார்த்தார்கள். சின்ன விமானத்துக்கு எல்லாம் கணக்கு. அவள் தராசிலிருந்து இறங்காமலே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி நல்லாக் கொதிக்கட்டும். வயிறு கட்டலைன்னா நர்ஸ்கிட்டப் போங்க, யோசிச்சிட்டு நிக்காதீங்க. ராத்திரி அவ பக்கத்துல யாராவது படுக்கணும். தேர்வாயிட்டா அங்கேருந்தே அனுப்பிடுவாங்களாம். ஏழு மாசம்."

"எனக்குத் தெரியும்."

"சாயங்காலம் ஆறு மணிக்கு சபை ஃபோனுக்குக் கூப்பிடறேன். ருத்தாவக் கூட்டிட்டு வாங்க. அவ குரலக் கேட்டுட்டுத்தான் நான் நாளைக்கு அந்த அறைக்குள்ள போவேன்."

ருத்தா அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதை மரேட்டாவேதான் செய்தாள். விமானத்துக் கதவு சாத்தும்வரை அவள் திரும்பவில்லை. கமோரிக்கி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள்.

விமானம் காயலுக்கு மேலே ஏறி, சிறுத்து, இல்லாமல் போயிற்று. குழந்தை அழுது அழுது விக்கியது. வழியனுப்ப வந்தவர்கள் கலைய ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போதுதான் கொட்டகையின் மறுபக்கத்தில் தெபோரா நிற்பதைப் பார்த்தார். புதுச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. அவள் நேராக நடந்துவந்து, கலைந்துகொண்டிருந்த ஊர் நின்று பார்க்க, வெயிலில் கொதிக்கும் பவளக்கல்மேல் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

பவுரோ பின்னாலேயே ஓடிவந்தார். "எழுந்திரு தெபோரா. வீட்டுக்கு வா." அவர் மூச்சு வாங்கியது. "நான் அனுப்பல மச்சான். சத்தியமா நான் அனுப்பல."

"யாரும் அனுப்பல" என்றாள் தெபோரா. "பெரிய மாமா, ருத்தாவ எனக்குக் குடுங்க. நான் வளக்கறேன்."

பிள்ளையைக் கேட்பது இந்தத் தீவுகளில் புதிதல்ல. உறவில் கேட்பார்கள், கொடுப்பார்கள், கொடுத்த வீட்டுக்கு அது மரியாதை. ஆனால் கேட்பது பெற்றவளிடம். பெற்றவள் வானத்தில் இருந்தாள்.

"மரேட்டா வரட்டும்" என்று சொல்ல அவருக்கு ஒரு கணம் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால், நடுப்பகலில் பவுரோ வீட்டில் வாங்கியவர் பிற்பகலில் கொடுக்க மறுத்தார் என்று இன்று மாலைக்குள் தீவின் இரண்டு முனைக்கும் போய்ச்சேரும். அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஊர் நின்றது. கொப்பரை மூட்டையோடு பொறுத்திருந்த ஊர்.

"எடுத்துக்கோ" என்றார் கமோரிக்கி.

தெபோரா எழுந்து குழந்தையைத் தூக்கினாள். ருத்தா விக்கிக்கொண்டே அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. அழ ஒரு தோள் கிடைத்தால் போதுமென்றிருந்த குழந்தை. தெபோரா அதன் முதுகைத் தட்டியபடி, ஒரு தடவைகூட நிற்காமல், வடக்கே நடந்தாள். பவுரோ மட்டும் நின்றார். பிறகு அவரும் போனார்.

கமோரிக்கி வீட்டுக்குப் போகவில்லை. சபை அலுவலகத்து மரப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தார். எழுத்தர் ஒன்றிரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். குழந்தையை ஃபோனில் பேச வைக்க வேண்டுமென்றால் அவர் பவுரோ வீட்டு வாசலுக்குப் போய் மறுபடி கேட்கவேண்டும். ஐந்தே முக்காலுக்கு எழுந்து சாலை வரை போனார். பவுரோ வீட்டு அடுப்புப் புகை தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆறு அடித்து இரண்டு நிமிஷத்தில் ஃபோன் மணி ஒலித்தது. எழுத்தர் எடுத்துக் கேட்டுவிட்டு வாசல்வரை வயரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"உங்க பொண்ணு, பெரியவரே."

கமோரிக்கி சட்டையை நேராக்கிக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தார். தூரத்தில் கடல் இரைவதுபோல இரைந்தது. அதற்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, ருத்தாகிட்டக் குடுங்க."